டிப்ளமசி பலகையில் சண்டை நிறுத்தம் பேசுவது எப்படி? முதல் அரை மணி நேரத்திலிருந்து கடைசிக் கோடு வரை

கோவையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு பேர் கூடுவோம். மேசையில் 1901-ஆம் ஆண்டின் ஐரோப்பா விரிந்திருக்கும். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கூடம் காலியாகிவிடும். இரண்டு பேர் மொட்டை மாடியில் இருப்பார்கள், இரண்டு பேர் அடுப்படியில். ஒருவர் மாடிப்படியில் உட்கார்ந்து அவர்களில் யார் முதலில் வெளியே வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். டிப்ளமசி ஆட்டத்தில் பாதிக்கு மேல் பலகைக்கு வெளியேதான் நடக்கிறது.

புதிதாக வருபவர்கள் இந்தப் பேச்சில்தான் தடுமாறுகிறார்கள். காய் நகர்த்தும் விதிகளை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பக்கத்து நாட்டுக்காரரிடம் போய் "நாம சண்டை போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதையே உடன்படிக்கை என்று நம்பித் திரும்பி வருகிறார்கள். இரண்டு சுற்றில் அவர்களுடைய தலைநகரம் போய்விடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இத்தனை ஆட்டங்களில் நான் பார்த்த வரை, நிலைத்து நின்ற சண்டை நிறுத்தங்கள் எல்லாமே உடைத்தாலும் பெரிய லாபம் வராதபடி கட்டப்பட்டவை. நம்பிக்கை அதற்குப் பிறகு தானாக வளர்ந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி

அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் 1954-இல் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். 1959-இல் தன் கைக்காசைப் போட்டு 500 பெட்டிகள் அச்சிட்டு விற்றார். பிற்காலத்தில் அவர் தபால்காரராக வேலை பார்த்தார் என்பது எனக்குப் பிடித்த தகவல். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என்று ஏழு நாடுகள். பலகையில் 34 சப்ளை சென்டர்கள், அதாவது ஒன்றுக்கு ஒரு காய் வைத்துக்கொள்ள உரிமை தரும் இடங்கள்; 18 பிடித்தவர் ஜெயித்தார். ரஷ்யா நான்கு காய்களோடும் மற்றவர்கள் மூன்று காய்களோடும் தொடங்குவார்கள். பகடை கிடையாது, சீட்டு கிடையாது. ஒவ்வொரு ஆட்ட வருடத்திலும் வசந்தம், இலையுதிர்காலம் என்று இரண்டு முறை, எல்லோரும் ஆர்டரை, அதாவது தங்கள் காய்களுக்கான கட்டளையை, ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். தரைப்படையோ கப்பலோ, ஒவ்வொரு காய்க்கும் ஒரே பலம். ஒரே இடத்துக்கு இரண்டு காய் வந்தால் முட்டிக்கொண்டு இரண்டும் பழைய இடத்திலேயே நிற்கும், அதை பவுன்ஸ் என்போம். ஒன்றைத் தள்ளி முன்னேற இன்னொரு காயின் சப்போர்ட் வேண்டும். மூன்று காய் வைத்திருப்பவருக்கு அந்த இன்னொரு காய் பெரும்பாலும் அடுத்தவரிடமிருந்துதான் வர வேண்டியிருக்கும். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கிருந்து பிறக்கிறது. பேசியதைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை.

படி 1: வாய் திறக்கும் முன் வரைபடத்தைப் படியுங்கள்

எல்லா எல்லையிலும் சண்டை நிறுத்தம் தேவையில்லை, எல்லா எல்லையிலும் அது கிடைக்கவும் கிடைக்காது. ஒரு தாள் எடுத்து ஒவ்வொரு பக்கத்து நாட்டுக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். என் சென்டரைத் தொட அவருக்கு எத்தனை நகர்வு வேண்டும்? என்னை விட்டால் அவர் வளர வேறு எங்கே இடம் இருக்கிறது? அவர் யாரைக் கண்டு பயப்படுகிறார்?

இத்தாலியை எடுத்துக்கொள்வோம். வெனிஸில் இத்தாலியின் படை, ஒட்டினாற்போல ட்ரியெஸ்டில் ஆஸ்திரியாவின் கப்பல். இரண்டு நாடுகளின் சொந்த சென்டர்கள் இப்படி நேரடியாகத் தொட்டுக்கொண்டு நிற்பது ஆட்டத் தொடக்கத்தில் பலகையிலேயே இங்கு மட்டும்தான். பார்த்தவுடன் ஆஸ்திரியா மீது பாயத் தோன்றும். ஆனால் ஆஸ்திரியா விழுந்தால் அதில் பாதிக்கு மேல் ரஷ்யாவும் துருக்கியும் தின்றுவிடுவார்கள். இத்தாலியின் கதவைத் தட்ட அவர்களுக்கு அதற்குப் பிறகு இரண்டு வருடம் போதும். மூன்று கேள்விகளையும் எழுதிப் பார்த்த இத்தாலிக்காரர் ஆஸ்திரியாவோடு சமாதானம் பேசி, கப்பல்களை அயோனியன் கடல் பக்கம் அனுப்பித் துருக்கியைக் குறிவைப்பார். அனுபவசாலிகள் இந்தத் தொடக்க நகர்வுத் திட்டத்தை லெபான்டோ திறப்பு என்பார்கள்.

அதேபோல இங்கிலாந்துக்கும் துருக்கிக்கும் எல்லையே கிடையாது. அவர்களுக்குள் சண்டை நிறுத்தம் தேவைப்படாது. பேச்சு தேவைப்படும், ஏனென்றால் ரஷ்யா இருவருக்கும் நடுவில் இருக்கிறது.

படி 2: முதல் அரை மணி நேரத்தைப் பங்கிடுங்கள்

பழைய விதிப்படி முதல் சுற்றுப் பேச்சுக்கு 30 நிமிடம், அடுத்த சுற்றுகளுக்கு 15 நிமிடம். எங்கள் மேசையிலும் அதைத்தான் கடைப்பிடிக்கிறோம். ஆறு பேருக்கும் ஆளுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால்கூடக் கொஞ்ச நேரம் மிஞ்சும். அந்த மிச்சத்தை உங்கள் மிக ஆபத்தான பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டாம் முறை பேச வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளோடு இருபது நிமிடம் மாடியில் நின்றால், கீழே மீதி ஐந்து பேரும் நீங்கள் இருவரும் கூட்டு என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

முதல் சந்திப்பில் திட்டம் எதையும் கொட்ட வேண்டாம், கேளுங்கள். "நீங்க எந்தப் பக்கம் போகலாம்னு இருக்கீங்க?" என்ற சாதாரணக் கேள்வி போதும். பதிலைவிட அவர் எந்த நாட்டின் பெயரைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஜெர்மனிக்காரர் டென்மார்க், ஹாலந்து, பெல்ஜியம் பற்றியெல்லாம் நிறையப் பேசிவிட்டு, பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் நடுவிலுள்ள பர்கண்டி பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லையென்றால், பிரான்ஸ் ஆடும் நீங்கள்தான் அந்தப் பெயரை எடுக்க வேண்டும்.

படி 3: சண்டை நிறுத்தத்தை ஆர்டர்களாகப் பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன் ரஷ்யா, வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் துருக்கி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று பேசினார்கள்.

"அண்ணே, கருங்கடல் பக்கம் நீங்களும் வர வேண்டாம், நானும் வரல. சரிங்களா?"

"சரி தம்பி."

அவ்வளவுதான் பேச்சு. வசந்தகால ஆர்டர்கள் பிரிந்தபோது ரஷ்யக் கப்பல் ருமேனியாவில் இருந்தது, துருக்கிக் கப்பல் கருங்கடலில் இருந்தது. கருங்கடலை ஒட்டிய ரஷ்யாவின் சொந்த சென்டரான செவஸ்டபோல் திறந்து கிடந்தது. அடுத்த இரண்டு வருடமும் அந்தத் தம்பி தெற்கைக் காப்பதிலேயே கழித்தான். அவனுக்கு அண்ணன் மீது கோபம். எனக்கு அந்த உடன்பாட்டின் மீதுதான் குறை. இருவரில் ஒருவர் மட்டும் சொல் தவறினால் அவருக்குக் கருங்கடல் முழுதாகக் கிடைக்கிறது, சொல் காத்தவருக்கு நஷ்டம் மட்டுமே மிஞ்சுகிறது. இந்த வடிவில் யார் பேசினாலும் இந்த ஆசை நடுவில் வந்து நிற்கும்.

சில வாரம் கழித்து அதே இருவருக்கும் அதே நாடுகள் விழுந்தன. இந்த முறை அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, நீ செவஸ்டபோல்லேருந்து கருங்கடலுக்குன்னு எழுது. நான் அங்காராவிலேருந்து கருங்கடலுக்குன்னு எழுதறேன். ரெண்டும் முட்டி நிக்கும். நான் ஏமாத்தி வேற எழுதினா கடல் உனக்கு. நீ ஏமாத்தினா எனக்கு."

"அப்ப ருமேனியா எனக்கு எப்படிங்க கிடைக்கும்?"

"மாஸ்கோ படையை உக்ரைனுக்குக் கொண்டு வந்துடு. இலையுதிர்காலத்துல அது ருமேனியாவுக்குள்ள போகட்டும். பல்கேரியாவுல நிக்கிற என் படை சப்போர்ட் குடுக்கும். கப்பல் ரெண்டும் மறுபடியும் கருங்கடல்லயே முட்டட்டும்."

அந்த வருட முடிவில் ரஷ்யாவுக்கு ருமேனியா, துருக்கிக்கு பல்கேரியா. கருங்கடல் காலி. இரண்டு பேருமே கடலுக்குள் போகும்படிதான் ஆர்டர் எழுதினார்கள். அதனாலேயே இரண்டு பேருமே போக முடியவில்லை. ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய அவசியமே வராத இந்த ஏற்பாட்டில்தான் அவர்களுக்குள் முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

பேசிவைத்து முட்டிக்கொள்வது கருங்கடலுக்கு மட்டுமான வித்தை இல்லை. லண்டன் கப்பலும் பிரெஸ்ட் கப்பலும் ஆங்கிலக் கால்வாயில் முட்டலாம். பாரிஸ் படையும் மியூனிக் படையும் பர்கண்டியில் முட்டலாம். வார்சா படையும் வியன்னா படையும் கலீசியாவில் முட்டலாம். இதற்கு ஒரு விலை உண்டு. முட்டுவதற்காக அனுப்பிய காய் அந்தப் பருவத்தில் வேறு எந்த வேலைக்கும் ஆகாது. ஆகவே எது உங்களுக்கு உயிர்நாடியோ அந்த ஒரு எல்லையில் இதைப் பயன்படுத்துங்கள். மற்ற எல்லைகளில் இரண்டு பேரும் போகாமல் விடுவதாகப் பேசும் படையில்லாப் பகுதி போதும். அதிலும் இடத்தின் பெயரையும் காலத்தையும் சொல்லிப் பேசுங்கள். "நம்ம எல்லை" என்று சொல்லாதீர்கள். பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவில் என்றால், "பீட்மான்ட், 1902 இலையுதிர்காலம் முடியும் வரை, உள்ளே வருவதாக இருந்தால் ஒரு பருவம் முன்னால் சொல்லிவிட வேண்டும்" என்று சொல்லுங்கள்.

படி 4: கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

பேச்சில் சும்மா கொடுத்ததற்கு மதிப்பில்லை. ஸ்வீடனை வைத்து ஜெர்மனி செய்யும் பேரம் இதற்கு நல்ல பாடம்.

முதல் வசந்தத்தில் ரஷ்யக் கப்பல் போத்னியா வளைகுடாவுக்கு வரும், இலையுதிர்காலத்தில் ஸ்வீடனைப் பிடிக்க. அதே வசந்தத்தில் ஜெர்மானியக் கப்பல் கீலிலிருந்து டென்மார்க்குக்கு வரும். இலையுதிர்காலத்தில் அது ஸ்வீடனுக்கு என்று எழுதினால் போதும், இரண்டும் முட்டி ரஷ்யாவுக்கு ஸ்வீடன் கிடைக்காது. ஜெர்மனிக்கு இதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது, டென்மார்க் அவர் கையிலேயே இருக்கும்.

அனுபவமில்லாத ஜெர்மனிக்காரர் முதல் பேச்சிலேயே "ஸ்வீடன் உங்களுக்குத்தான், நான் தடுக்க மாட்டேன்" என்று நட்புக்காகச் சொல்லிவிடுவார். நன்றி சொல்லிவிட்டு ரஷ்யா அடுத்த அறைக்குப் போய்விடும். இதையே விலை வைத்துப் பேசலாம். ஜெர்மனியின் கிழக்கு எல்லையிலுள்ள பிரஷ்யாவுக்கோ சைலீசியாவுக்கோ ரஷ்யப் படை வரக்கூடாது, வடக்கில் இங்கிலாந்தின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். வசந்தகால நகர்வில் இதற்கு அடையாளம் தெரிந்தால், இலையுதிர்காலத்தில் ஸ்வீடன். கேட்ட பொருளை அவர் முதலில் தருகிறார், அதைக் கண்ணால் பார்த்த பிறகு நீங்கள் தருகிறீர்கள். வரிசை இப்படி அமைந்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பங்கு சமமாக இருக்கிறதா என்று சென்டர் எண்ணிக்கையில் பாருங்கள். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி மூவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் பெல்ஜியம் இருக்கிறது. முதல் வருடப் பேச்சில் பாதி நேரம் இதிலேயே போகும். பெல்ஜியத்தை விட்டுக்கொடுத்தவருக்கு அந்த வருடமே வேறொரு சென்டர் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் இரண்டு சென்டர் பெருகி மற்றவர் ஒன்றும் பெருகாத கூட்டு, அதிகபட்சம் அடுத்த வருடம் வரைதான் போகும். பெரியவராக ஆகிவிட்டவர் நீங்கள் என்றால் நீங்களே முன்வந்து ஒன்றை விட்டுக்கொடுங்கள். அந்த ஒரு சென்டருக்கு மூன்று வருட அமைதி கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படி 5: ஆர்டரை அவர் வாயால் சொல்ல வையுங்கள்

பிரியும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். "நான் எழுதப் போறது இது" என்று உங்கள் ஆர்டரை முழுதாகச் சொல்லுங்கள். பிறகு அவருடையதைச் சொல்லச் சொல்லுங்கள். உண்மையாக இருப்பவர் காய் காயாகச் சொல்வார். ஏமாற்ற நினைப்பவருக்கு இந்த இடத்தில் நாக்கு தடுக்கும். "ஆங்... நாம பேசினபடிதான்" என்று முடித்துவிடப் பார்ப்பார். பேசினபடி என்றால் எது என்று சிரித்த முகத்தோடு மறுபடி கேளுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. உடைந்த சண்டை நிறுத்தங்களில் கணிசமான பகுதி துரோகத்தால் உடைந்ததில்லை, கைப்பிழையால் உடைந்தது. இரண்டு கரை உள்ள பல்கேரியாவின் எந்தக் கரை என்று எழுத மறந்து கப்பல் நகராமல் நிற்கும், சப்போர்ட்டை இடம் மாற்றி எழுதிவிடுவார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அது துரோகமாகத்தான் தெரியும். வாயால் சொல்லிப் பார்க்கும்போது இந்தப் பிழைகள் பிடிபடும்.

பொய் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இந்த ஆட்டத்தில் அனுமதி உண்டு, ஆனால் விலை அதிகம். 2022-இல் மெட்டா நிறுவனம் டிப்ளமசி ஆடும் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவை வெளியிட்டது. அடுத்த நகர்வை முதலில் திட்டமிட்டு, அந்தத் திட்டத்தை ஒட்டியே எதிராளியிடம் பேசும்படி அதை அமைத்திருந்தார்கள். இணையத்தில் மனிதர்களோடு 40 ஆட்டம் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. சொல்லும் செய்கையும் ஒட்டியே இருந்தாலும் இந்த ஆட்டத்தில் உயரம் தொடலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

படி 6: குளிர்காலத்தைக் கவனியுங்கள்

வசந்தத்தில் பிடித்த சென்டர் கணக்கில் வராது. இலையுதிர்காலம் முடிந்து யார் காய் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. அதையொட்டிக் குளிர்காலத்தில் புதிய காய் கட்டுவார்கள், அல்லது இருப்பதை எடுப்பார்கள். அந்த நேரத்தில் பேச்சு கிடையாது, அதனால் புதியவர்கள் இதை வெறும் கணக்கு வேலையாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். என் கண்ணுக்கு வருடத்திலேயே மிக உண்மையான வாக்கியம் அங்கேதான் எழுதப்படுகிறது.

துருக்கி ஸ்மிர்னாவில் கப்பல் கட்டினால் அது மத்தியதரைக் கடலைப் பார்க்கிறது. அங்காராவில் கட்டினால் ரஷ்யாவைப் பார்க்கிறது. பிரான்ஸ் மார்செய்யில் கட்டும் கப்பல் இத்தாலிக்கான செய்தி, பிரெஸ்டில் கட்டுவது இங்கிலாந்துக்கான செய்தி. வார்த்தையால் என்ன சொல்லியிருந்தாலும் இந்தக் காய் அதை மாற்றி எழுதிவிடும்.

ஆகவே இலையுதிர்காலப் பேச்சிலேயே கட்டுமானத்தையும் சேர்த்துப் பேசுங்கள். "ஒரு சென்டர் கூடினா நான் பாரிஸ்ல தரைப்படை கட்டுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அதையே செய்தால், பத்து முறை சத்தியம் செய்வதைவிட அது பேசும். சொன்னபடி கட்ட முடியாத நிலை வந்தால், ஏன் என்று முன்னாலேயே எடுத்துச் சொல்லுங்கள்.

படி 7: உடையப் போவதை முன்னால் அறிவது

ஒவ்வொரு இலையுதிர்காலத்துக்கு முன்பும் கூட்டாளியின் நாற்காலியில் உங்களை உட்கார வைத்துப் பாருங்கள். இப்போது என் மேல் பாய்ந்தால் எனக்கு எத்தனை சென்டர் கிடைக்கும்? ஒன்று என்றால் பெரும்பாலும் பாய மாட்டார், ஒரு சென்டருக்காக ஒரு எதிரியைச் சம்பாதிக்க யாருக்கும் மனம் வராது. இரண்டு என்றால் யோசிப்பார். மூன்று என்றால் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அவரை அந்தச் சோதனையில் நிறுத்தியது உங்கள் தவறு. ஒரு காயைப் பின்னால் இழுத்து அந்த எண்ணைக் குறையுங்கள்.

அப்படி இழுக்கும்போது ஒளித்துச் செய்யாதீர்கள். "வெனிஸை முழுசா காலி பண்றது எனக்குத் தூக்கம் கெடுக்குது, ஒரு படையை அங்கேயே நிறுத்தறேன், உங்க மேல சந்தேகம்னு நினைக்காதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். நல்ல ஆட்டக்காரர் இதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார்.

அடையாளங்கள் இன்னும் சில உண்டு. நேற்று வரை எல்லாவற்றுக்கும் தர்க்கம் பண்ணியவர் திடீரென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். உங்கள் ஆர்டரைத் துல்லியமாகக் கேட்டுவிட்டுத் தன்னுடையதைச் சுருக்கிச் சொல்கிறார். வேலை இல்லாத ஒரு காய் உங்கள் எல்லை ஓரமாக வந்து நிற்கிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அந்தப் பருவத்துக்குக் காவல் ஆர்டர் எழுதுங்கள்.

படி 8: சண்டைக்கு நடுவில் சமாதானம்

இதுதான் கடினமான பேச்சு. இரண்டு வருடமாக அடித்துக்கொண்டவர்கள், ஆளுக்கொரு குறை வைத்திருப்பவர்கள். முதல் விதி, பழைய கணக்கைப் பேசக் கூடாது. "நீங்க அன்னைக்கு ஏமாத்தினதாலதான்" என்று தொடங்கிய எந்தப் பேச்சும் எங்கள் மாடியில் உருப்பட்டதில்லை.

பலகையைக் காட்டித் தொடங்குங்கள். நாம் இருவரும் இங்கே முட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே யார் வளர்ந்திருக்கிறார்? இந்தக் கேள்விக்கு விரலால் பதில் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு வார்த்தையைக் கேட்காமல் ஒரு செய்கையை முன்வையுங்கள். இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் சண்டை என்றால், "இந்த வசந்தத்தில் டிரோலியாவிலிருந்து என் படையைப் பின்னால் எடுக்கிறேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொண்டிருங்கள். எடுத்தேன் என்று தெரிந்தால் இலையுதிர்காலத்தில் நீங்கள் ஒன்றை எடுங்கள்." சிறிய படியாக, ஒன்றன்பின் ஒன்றாக. முதல் படியை எடுப்பவருக்கு ஒரு பருவ ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்தில் ஒரு சென்டருக்கு மேல் போகாதபடி படியை அமைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றுக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால்கூடக் கையில் சரக்கு இருக்கிறது. ஒன்றிரண்டு காய் மட்டும் மிஞ்சியவரை எல்லோரும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆனால் உங்கள் கடைசி சென்டர் யார் கைக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அதை அமைதியான குரலில் இரு பக்கமும் சொல்லுங்கள். ஒரு பக்கத்திலிருந்தாவது உயிர்ப்பிச்சை வரும்.

படி 9: ஒருவர் பன்னிரண்டைத் தொட்டதும்

யாராவது 11, 12 சென்டர் போனதும் பழைய சண்டை நிறுத்தங்கள் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும். அதன் பிறகு மேசையில் இரண்டே பக்கம். மிஞ்சியவர்கள் தங்களுக்குள் எல்லாப் போரையும் அன்றே நிறுத்திவிட்டு, உடைக்க முடியாத ஒரு கோட்டை வரைபடத்தில் தேட வேண்டும். 17 சென்டரைக் காத்து நின்றால் அவர் 18-ஐத் தொட முடியாது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்திலிருந்து சுவிட்சர்லாந்தை ஒட்டி ஐபீரியா வரை வரைபடத்தைக் குறுக்கே வெட்டும் கோடுதான் பெரும்பாலான ஆட்டங்களில் கை கொடுக்கும். சுவிட்சர்லாந்துக்குள் எந்தப் படையும் நுழைய முடியாது என்பதால் நடுவில் இயற்கையாகவே ஒரு சுவர் இருக்கிறது.

இந்தக் கூட்டில் "யாருக்கு எத்தனை" என்ற பேச்சே வரக் கூடாது. எந்தக் காய் எங்கே நிற்கும், யாருக்கு யார் சப்போர்ட் என்பதை மட்டும் பேசுங்கள். கோடு நிலைத்ததும் டிரா பேசலாம். கோடு நிற்கும் முன்னே டிரா பேசுபவர், கோட்டிலிருந்து ஒரு காயை உருவப் பார்க்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ரிஸ்க் ஆடுபவர்களுக்கு

உலக வரைபடத்தில் ஆடும் இன்னொரு போர்ப் பலகை ஆட்டமான ரிஸ்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை, ஒருவர் பின் ஒருவராக ஆடுகிறார்கள். சண்டை நிறுத்தத்தின் கடைசி நாள் அங்கே பெரிய சிக்கல். ஆஸ்திரேலியாவை வைத்திருப்பவரும் அதை ஒட்டி ஆசியாவில் இருக்கும் சயாமை வைத்திருப்பவரும் "மூணு ரவுண்டு அடிக்க வேண்டாம்" என்று பேசுகிறார்கள் என்று வையுங்கள். மூன்றாவது ரவுண்டு முடிந்ததும் யாருடைய முறை முதலில் வருகிறதோ அவர் தயாராகப் படை குவித்து வைத்திருப்பார். மற்றவருக்குத் திருப்பி அடிக்க வாய்ப்பே வராது. இருவருக்குமே இது தெரியும், அதனால் இரண்டாவது ரவுண்டிலேயே யாராவது உடைத்துவிடுவார்கள்.

ரவுண்டு எண்ணிக்கையை விட்டுவிட்டு முன்னறிவிப்பு முறையில் பேசுங்கள். உடைக்க விரும்புபவர் தன் முறையில் எல்லோர் முன்பும் சத்தமாகச் சொல்ல வேண்டும். தன்னுடைய அடுத்த முறை வரை அடிக்கக் கூடாது. இடையில் மற்றவருக்கு ஒரு முழு முறை கிடைக்கும், சயாமிலோ இந்தோனேசியாவிலோ படையை நிரப்பிக்கொள்வார். எல்லையில் இருவரும் எத்தனை படைக்கு மேல் வைக்கக் கூடாது என்ற எண்ணையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஐந்து என்று வைத்தால், ஆறாவது படையைக் கண்டதும் அதுவே அறிவிப்பு.

ஆட்டம் முடிந்த பிறகு

பலகையை மடித்து வைக்கும் முன் ஆர்டர் தாள்களைப் பரப்பி வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். எந்தப் புத்தகமும் தராத பாடம் அதில் இருக்கிறது. ஏமாற்றியவரிடம் ஏன் என்று கேட்காதீர்கள், எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நியாயம் பேசுவார்கள், இரண்டாவதற்கு உண்மை சொல்வார்கள்.

ஒரு ஆட்டத்தில் நான் பிரான்ஸ். இங்கிலாந்து ஆடிய தம்பியோடு ஆங்கிலக் கால்வாய் படையில்லாப் பகுதி என்று பேசி இரண்டு வருடம் சுத்தமாகக் காத்தோம். 1903 வசந்தத்தில் அவன் கப்பல் கால்வாய்க்குள் வந்து நின்றது. என் மேற்குக் கரை கரைந்து போனது. ஜெர்மனி ஆடியவர் அவன் மனதைக் கலைத்துவிட்டார் என்றுதான் ஆட்டம் முடியும் வரை நினைத்திருந்தேன்.

தாள்களைப் பரப்பினோம். அவன் ஒரு நாற்பது பக்க நோட்டில் வருங்காலத்துக்கும் சேர்த்துத் திட்டம் எழுதுகிறவன். 1903 வசந்தம் என்ற தலைப்பின் கீழ் "லண்டன் கப்பல், வட கடல்" என்று எழுதி, மேலே நீல மையால் ஒரே கோடாக அடித்திருந்தான். பக்கத்தில் "கால்வாய்".

"இதை எப்பப்பா அடிச்சே?"

பக்கத்தைத் திருப்பி முந்தைய குளிர்காலத்தைக் காட்டினான். இத்தாலிக்குப் போவதற்காக நான் ஒரு கப்பல் கட்டிய குளிர்காலம் அது. மார்செய்யில் தரைப்படை நின்றதால் இடம் இல்லாமல் பிரெஸ்டில் கட்டினேன். அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க இதை வச்சப்பங்கண்ணா."